நீலாம்பாள் புருஷன்

எனக்குத் தூக்கத்தில் ஒரு குறையும் இல்லை, டாக்டரம்மா. படுத்தால் தூங்கிவிடுவேன். பசியும் வேளைக்கு எடுக்கிறது. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். என் பெண்டாட்டி படுத்த நாளிலிருந்து "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று என்னைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். மற்றவர்கள் எல்லாரும் "அக்கா எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். கொண்டுவந்த சாத்துக்குடியை என் கையில் திணித்துவிட்டு என் தோளுக்கு மேலே உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். நானும் விலகி வழிவிடுவேன்.

நோயாளியோடு கூட இருப்பவர்களின் மனசு எப்படி இருக்கிறது என்று பேசிப் பார்ப்பதும் உங்கள் வேலைதான் என்றீர்கள். நல்ல வேலை. பிறகு பேச்சோடு பேச்சாக, வீட்டில் கொடுத்ததும் இதே மருந்துதானே என்று கேட்டீர்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே வேறு மாதிரி கேட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் வீட்டில் மோசமாகி, இங்கே வந்ததும் எப்படித் தெளிந்துவிடுகிறாள் என்பது உங்களுக்குப் புரியவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் என் தூக்கத்தைப் பற்றி விசாரித்தீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பரவாயில்லை. இரண்டுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் காயாரோகணம். மேலப்பாலக்குடியில் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யோசிப்பார்கள். நீலாம்பாள் புருஷன் என்று கேட்டால் பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். எங்கள் பக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கம் என்றால் அவள்தான். நடவுக்கு இறங்கின பெண்களைக் கரையேற்றி நிறுத்தி, கூலியைப் பேசி முடித்த பிறகு மறுபடி சேற்றில் இறக்கியவள். பண்ணைக்காரரைப் பார்த்ததும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "ஆண்டே" என்று கூப்பிடுகிற வழக்கத்தை எங்கள் தெருவில் ஒழித்தவள். அவளுடைய அம்மாவுக்கு அந்தச் சொல் வாயை விட்டுப் போகவே இல்லை. அதற்காகப் பெற்ற தாயோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறாள். ஆட்சி மாறி மாறி வந்தது. எந்த ஆட்சி வந்தாலும் அவள் ஜெயிலுக்குப் போவது மட்டும் மாறவில்லை.

நான் அரிசி மில்லில் நெல் அவிக்கிற வேலை பார்த்தேன். வேலை முடிந்து வந்து சோறு வடித்து, குழம்பு வைத்து, மூடிவைத்துவிட்டுக் காத்திருப்பேன். சில நாள் வருவாள். சில நாள் கொடி கட்டின வேனில் எங்கேயோ போயிருப்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒன்று வயிற்றில் வந்து ஏழாம் மாதத்தில் போய்விட்டது. அன்றைக்கு அவள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு சம்பா அறுப்பில் அவள் ரத்த வாந்தி எடுத்தாள். இங்கேதான் கொண்டுவந்தோம். அப்போது நீங்கள் இல்லை. வயதான டாக்டர் ஒருவர் இருந்தார். எப்போதோ வந்த மஞ்சள் காமாலை ரத்தத்திலேயே தங்கிக் கல்லீரலைச் சுருக்கிவிட்டது என்றார். கல்லீரல் என்றதும் ஊரில் சிலர் என் வாயை மோந்து பார்க்கிற மாதிரி நெருங்கி நின்று பேசினார்கள். நான் கள்ளைக்கூடத் தொட்டதில்லை. அவளும்தான்.

அந்த டாக்டர் என்னைத் தனியாக அழைத்துப்போய், உப்பைக் குறைக்க வேண்டும், இதைக் கொடுக்க வேண்டும், அதைக் கொடுக்கக்கூடாது என்று எல்லாம் சொன்னார். கடைசியாக ஒரு பாட்டிலைக் காட்டினார். பாகு மாதிரி இனிப்பாக இருக்கிற மருந்து. உங்களுக்குத் தெரியாததா? அதை வேளை தவறாமல் கொடுத்து வயிற்றை இளக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கு தலைக்கேறி ஆளே மாறிப்போவாள், கை ஆடும், பேச்சு குழறும், பகலில் தூங்கி ராத்திரியில் விழித்திருப்பாள் என்றார். பிறகு என் தோளில் கை வைத்து, "அவங்க மூளை இனிமே உங்க கையிலதான் இருக்கு" என்றார். அந்த மாதிரி ஒரு பொறுப்பை அதுவரை யாரும் என்னிடம் கொடுத்ததில்லை.

ஆரம்பத்தில் கஷ்டமாகத்தான் இருந்தது. மருந்து வேலை செய்கிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று கூட இருப்பவனுக்குத்தான் தெரியும். புடவையை அலசி, பாயை அலசி, தரையைக் கழுவி, மறுபடியும் முதலிலிருந்து. சாப்பிட உட்கார்ந்தால் கை நாறும். மில் வேலையை விட்டேன். வாய்க்கால் படித்துறையில் துணியை அடித்துக்கொண்டே ஒருநாள் துண்டை வாயில் கவ்விக்கொண்டு அழுதேன். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள், அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடினார்கள்.

ஆனால் அந்த மாதங்களில் அவள் வீட்டில் இருந்தாள். அதையும் சொல்ல வேண்டும். நான் தலை வாரிவிட்டேன். சுடுதண்ணீர் வைத்துக் காலைத் துடைத்துவிட்டேன். ஒரு சாயங்காலம் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "மில்லுல நெல்ல எப்படி அவிப்பீங்க, சொல்லுங்க" என்று கேட்டாள். முப்பது வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் தொட்டியில் நெல் ஊறப்போடுவதிலிருந்து சொன்னேன். பாதியில் தூங்கிவிட்டாள். நான் மீதியையும் சொல்லி முடித்தேன்.

பிறகு உடம்பு தேறியது. தேறியதும் வீட்டில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். சங்கத்து உத்திராபதி காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவான். அவள் வளர்த்துவிட்ட பையன், இப்போது சங்கத்தின் செயலாளர். துணைக்கு இருக்கட்டும் என்று ராசம்மாளை அனுப்பினார்கள். புருஷன் இல்லாதவள், நீலாம்பாளோடு ஜெயிலில் இருந்தவள், கை சுத்தம், நல்ல மாதிரி. அவள் வந்த மறுவாரமே நீலாம்பாள் என்னிடம், "ராசம்மாதான் இருக்காளே, நீங்க மில்லுக்குப் போங்களேன், சும்மா உக்காந்துக்கிட்டு" என்றாள். சும்மா என்றுதான் சொன்னாள். வேறு எதுவும் தப்பாகச் சொல்லவில்லை.

முதல் தடவை நடந்தது என் கையில் இல்லை, டாக்டரம்மா. அதை நீங்கள் நம்ப வேண்டும். மருந்து தீர்ந்துபோயிருந்தது. வாங்கிவரத் தஞ்சாவூருக்குக் கிளம்பினால், தண்ணீர் திறக்கச் சொல்லி சாலை மறியல், பஸ் இல்லை. மறியல் நடத்தியது அவளுடைய சங்கம்தான். அடுத்த நாளும் பஸ் ஓடவில்லை. அதற்குள் அவளுக்குப் பேச்சு தடுமாறியது. யாரோ துரத்துகிற மாதிரி கதவையே பார்த்தாள். உத்திராபதியை யார் என்று கேட்டாள். ராசம்மாள் கிட்டே போனதும் ஒடுங்கிக்கொண்டாள். என்னை மட்டும் தெரிந்தது. என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, "எங்கயும் போயிடாதீங்க, என்ன விட்டுட்டுப் போயிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மருந்து வந்தது. கொடுத்தேன். தெளிந்தாள். தெளிந்ததும் என்னைத் தாண்டி உத்திராபதியைப் பார்த்து, மறியல் என்னவாயிற்று என்று கேட்டாள்.

சீனியைப் பாகு காய்ச்சி, நிறத்துக்குத் துளி வெல்லம் கரைத்து, ஆறவைத்துப் பாட்டிலில் ஊற்றினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நாக்குக்கும் அவ்வளவாகத் தெரியாது. நான் ஒரேயடியாகச் செய்துவிடவில்லை. எந்த அளவுக்குக் குறைத்தால் சோர்ந்து படுப்பாள், எந்த அளவுக்குக் குறைத்தால் பேச்சு குழறும் என்பதெல்லாம் நாளாக ஆக எனக்குப் பிடிபட்டது. மதகுப் பலகையை எத்தனை விரல்கடை தூக்கினால் வயலுக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்று தெரிந்துவைத்திருப்பதைப் போலத்தான் அது. அவளுக்கு ஓய்வு வேண்டும் என்று எனக்குத் தோன்றினால் பலகையை இறக்குவேன். ஓய்வு போதும் என்று தோன்றினால் தூக்குவேன், இல்லாவிட்டால் இங்கே கொண்டுவந்து காட்டுவேன். ஆபத்தான கட்டம்வரை ஒருநாளும் விட்டதில்லை. கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தாலே அவளுக்குக் கால் வீங்கும். வீங்கின காலைப் பிடித்துவிடுகிறவன் நான். யார் அவளை மேடை ஏற்றினார்களோ அவர்களில் ஒருத்தரும் வந்து பிடித்துவிட்டதில்லை.

ராசம்மாளுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. அவள் ஒருநாள் என்னிடம், "அண்ணே, மருந்து குடிக்கிறாங்க, ஆனா வெளிய போகவே மாட்டேங்குறாங்களே, என்னண்ணே?" என்று கேட்டாள். உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது என்றேன். அவள் தலையை ஆட்டினாள். ஆனால் அன்றைக்கு அவள் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததை நான் அடுப்படியிலிருந்து கவனித்தேன்.

அடுத்த சந்தேகம் நீலாம்பாளுக்கே வந்தது. தலை தெளிவாக இருந்த ஒரு மத்தியானம், ராசம்மாள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது, என்னைக் கிட்டே கூப்பிட்டு, "என் சாப்பாட்டுல எவனோ கை வைக்கிறான்" என்று மெதுவாகச் சொன்னாள். "கூட்டம், பேச்சுவார்த்தைன்னு வர்ற நாளாப் பாத்து எனக்குத் தல சுத்துது. பண்ணை ஆளுங்க வேலதான். ராசம்மா தம்பி அங்கதானே டிராக்டர் ஓட்டுறான்?" என்றாள். நான் விசிறிக்கொண்டிருந்தேன். பிறகு அவளே, "எனக்கு இப்ப ஒருத்தர் மேலயும் நம்பிக்கை இல்ல. நீங்க மட்டும் என் மருந்தப் பாத்துக்குங்க. வேற ஒரு கை அதுல படக்கூடாது" என்றாள்.

நான் ராசம்மாளைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் பேசவில்லை. உத்திராபதி வந்து கேட்டபோதும், எனக்கு ஒன்றும் தெரியாது, ஒருநாள் அவள் பாட்டிலைத் திறந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான் தெரியும் என்றேன். நான் பார்த்தது அதுதானே. சங்கத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவளுக்கு அழுகைதான் வந்தது. அதற்குப் பிறகு நடவு செட்டில் அவளை யாரும் சேர்க்கவில்லை. கடைத்தெருவில் அவளைப் பார்த்துப் பெண்கள் காறித் துப்பினார்கள். கடைசியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோடியக்கரைப் பக்கம் உப்பளத்து வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது எங்கள் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் உள்ளே நீலாம்பாளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். நான் பார்த்தேன். நீலாம்பாள் பார்க்கவில்லை.

இப்போது அந்த விசாரணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேப்பரிலும் வந்தது, நீங்கள் படித்திருக்கலாம். ஐயனார் திடல் என்று எங்கள் ஊரில் ஒரு பங்கு நிலம். இரண்டு தலைமுறையாக எங்கள் தெருக்காரர்கள் குத்தகைக்கு உழுது வந்தது. பண்ணை ரெங்கசாமி, அது தன் சொந்தச் சாகுபடி, குத்தகை என்று எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். வாய் வார்த்தைக் குத்தகைதான், ஆதாரம் கிடையாது. ஆர்.டி.ஓ. நேரில் வந்து வயலில் வைத்தே இரண்டு பக்கத்தையும் விசாரிப்பதாக ஏற்பாடு. நீலாம்பாள் பேசினால் பண்ணைக்குப் பயந்து வாயைத் திறக்காத கிழடு கட்டைகளும் சாட்சி சொல்லிவிடுவார்கள். அவள் பேசாவிட்டால் யாரும் பேசமாட்டார்கள். அது இரண்டு தரப்புக்கும் தெரியும்.

அவள் என்னிடம், "அன்னிக்கு மட்டும் எனக்குத் தல தெளிவா இருக்கணும். நீங்கதான் பாத்துக்கணும்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் கேட்டால் நான் மறுத்ததில்லை. நல்ல மருந்துதான் கொடுத்துக்கொண்டிருந்தேன். முகம் தெளிந்து, குரல் கணீரென்று பழையபடி ஆகிவிட்டது.

விசாரணைக்குச் சில நாள் இருக்கும்போது உத்திராபதி வந்தான். இது ஜெயித்துவிட்டால் அக்காவை மாவட்டம் முழுக்கக் கூட்டிப்போக வேண்டும், பிறகு மெட்ராஸுக்கும் போக வேண்டும், அங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்ளலாம், சங்கத்து ஆபீஸிலேயே தங்கிக்கொள்ளலாம் என்று சொன்னான். நீலாம்பாள் சிரித்தாள். வெகுநாளாக நான் பார்க்காத சிரிப்பு. "இவரு?" என்று என் பக்கம் கையைக் காட்டி அவன் கேட்டான். அவள், "அவரு வீட்டப் பாத்துக்குவாரு" என்றாள்.

அன்று சாயங்காலம் பாகு காய்ச்சினேன்.

விசாரணையன்று அவளை வண்டியில் உட்காரவைத்து வயலுக்குக் கொண்டுபோனோம். சோர்வாக இருக்கிறாள், அங்கே போனால் சரியாகிவிடும் என்று உத்திராபதி நினைத்துக்கொண்டான். ஊரே வரப்பில் நின்றது. போலீஸ் இருந்தது. ரெங்கசாமி குடை பிடித்துக்கொண்டு அதிகாரிக்குப் பக்கத்தில் நின்றார். நீலாம்பாளின் பெயரைக் கூப்பிட்டார்கள். வண்டியிலிருந்து நானும் உத்திராபதியும் இறக்கிவிட்டோம். நடந்தாள். அதிகாரியைத் தாண்டிப் போய் ரெங்கசாமியின் எதிரே நின்றாள். அப்போதே அவள் கை ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கையைக் கூப்பிக்கொண்டு, உடம்பை வளைத்து, அவளுடைய அம்மாவின் குரலில், "ஆண்டே, கூலி நெல்லு இன்னும் அளக்கலீங்களே ஆண்டே" என்றாள்.

ரெங்கசாமி சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உடம்பு சரியில்லாதவங்கள ஏம்ப்பா கூட்டியாந்தீங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். வரப்பில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் அவளைத் தோளோடு அணைத்து வண்டியில் ஏற்றினேன். வழியெல்லாம் என் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். சாட்சி சொல்ல வந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்துபோனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தக் குறுவைக்கு ஐயனார் திடலில் பண்ணை டிராக்டர் இறங்கியது.

அடுத்த சில நாளில் அவளைத் தெளியவைத்தேன். தெளிந்ததும், வயலில் என்ன நடந்தது என்று கேட்டாள். மற்றவர்கள் யாரும் சொல்லவில்லை. உத்திராபதி தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான். நான் சொன்னேன். நான் அவளிடம் பொய் சொல்வதில்லை. அவள் என்ன சொன்னாள், எப்படிக் கும்பிட்டாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. கதவைச் சாத்தச் சொன்னாள். அதற்குப் பிறகு யார் வந்தாலும் பார்க்க மாட்டேன் என்றாள். வந்தவர்களை நானே வாசலோடு அனுப்பிவிட்டேன். சாத்துக்குடி வருவதும் நின்றுவிட்டது. மனசு எப்படி இருந்தது என்று கேட்டீர்களே, அந்த இரண்டு மாதமும் என் மனசு நன்றாக இருந்தது, டாக்டரம்மா. வீடு அமைதியாக இருந்தது. நான் சமைத்ததைச் சாப்பிட்டாள். நான் பேசினால் கேட்டாள்.

போன வாரம் அவள் உட்கார்ந்து எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ராசம்மா போய் எத்தன மாசமாச்சு?" என்று கேட்டாள். சொன்னேன். "அவ போனதுக்கப்புறமும் எனக்குத் தல சுத்துச்சே" என்றாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவள் என் முதுகைப் பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. நான் உலையில் அரிசியைப் போட்டதும், "இனிமே மருந்த நானே ஊத்திக்கிறேன். பாட்டில இங்க வைங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. விசாரணை அதிகாரியிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

பாட்டிலை அவள் பக்கத்திலேயே வைத்தேன். அவளே ஊற்றிக் குடித்தாள். வேளை தவறாமல் குடித்தாள். இந்தத் தடவை அதில் மருந்து ஒரு சொட்டும் இல்லை. புது பாட்டில்களையும் கொட்டிக் கழுவிப் பாகை நிரப்பித்தான் வைத்திருந்தேன். பலகையை முழுக்க இறக்கிவிட்டேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அவள் பேச்சு குழறினபோதும் தூக்கவில்லை. கண் செருகினபோதும் தூக்கவில்லை. மூச்சு மாறி, கூப்பிட்டால் அசைவில்லை என்று ஆன பிறகுதான் கார் பிடித்துக் கொண்டுவந்தேன். நான் கொண்டுவந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வேறு ஒருத்தனாக இருந்தால் கொண்டுவந்திருக்க மாட்டான்.

போலீஸுக்குச் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள். எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒன்று. இன்று காலையில் அவள் கண் விழித்ததும் நர்ஸம்மா என்னைத்தான் உள்ளே கூப்பிட்டார். நான் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து நீட்டினேன். என்னை நேராகப் பார்த்தாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு நர்ஸம்மாவிடம், "கோடியக்கரைக்கு ஆள் அனுப்பி ராசம்மாவ வரச்சொல்லுங்க" என்றாள். நீங்கள் வந்து கையை நீட்டச் சொன்னீர்கள். கை ஆடவில்லை. கிழமை கேட்டீர்கள், சரியாகச் சொன்னாள். உடனே நினைவு முழுக்கத் திரும்பிவிட்டது என்று எழுதிவிட்டீர்கள்.

நீங்கள் சின்ன வயசு. புஸ்தகத்தில் படித்ததை வைத்துச் சொல்கிறீர்கள். அவள் கூடவே இருந்தவன் நான். அவளுக்கு இன்னும் தெளியவில்லை, டாக்டரம்மா. தெளிந்திருந்தால் என்னைத்தான் கேட்டிருப்பாள்.